ஒலித்தரம்: திருப்தி

நீங்கள் பாட்டுக் கேளுங்கள், அக்கா. எனக்காகக் கழற்ற வேண்டாம். உங்கள் காதில் அந்த வெள்ளை வயரைப் பார்த்துவிட்டுத்தான் இந்த இருக்கைக்கு வந்தேன். பின்னால் ஓர் இடம் காலியாக இருந்தது. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த அம்மா, ஏறுகிறவர்களிடம் எல்லாம் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது ஆகாது. நான் யாரிடமும் பேசுகிற ஆள் இல்லை. கல்லூரியில் மூன்று வருடம் படித்தேன். பெயர் கூப்பிடும்போது ‘எஸ் மேம்’ என்று சொல்லச் சத்தம் வராமல் பாதி நாள் ஆப்சென்ட் ஆனேன். வகுப்பில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட்.

கேட்காதவர்களிடம் பேசுவேன். அது வேறு. அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

அப்படி ஒருவர் எனக்கு இருந்தார். நேற்றுச் சாயங்காலத்தோடு ஓய்வு பெற்றுவிட்டார். எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர், அமிர்தலிங்கம் சார். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். நீங்கள் எங்கே கேட்கப் போகிறீர்கள். கரூரில் இருக்கிறது, மனு வாங்குகிற அலுவலகம், அவ்வளவுதான். நான் அங்கே இளநிலை உதவியாளர். தேர்வு எழுதித்தான் வந்தேன். நேர்முகம் இல்லாத தேர்வு எது என்று பார்த்து எழுதினேன்.

சாருக்குக் காது கேட்காது. இதை நான் வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் கண்டுபிடித்தேன். அவரைத் தவிரப் பதினான்கு பேர் வேலை செய்கிற இடம். அவரோடு பதினெட்டு வருடம் இருந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. வாய் வேலை செய்யாதவர்களுக்குக் கண் நன்றாக வேலை செய்யும், அக்கா. நான் எதையும் கவனிக்காமல் விட்டதில்லை.

ஆதாரம் சொல்கிறேன். யார் வந்து என்ன சொன்னாலும் சாரிடம் ஒரே பதில்தான்: “எழுத்துபூர்வமா குடுங்க.” ஒருவர் வந்து அழுவார். “எழுத்துபூர்வமா குடுங்க.” ஒருவர் மேசையைத் தட்டி, மேலே வரைக்கும் போவேன் என்று கத்துவார். “எழுத்துபூர்வமா குடுங்க.” ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகையை நீட்டி, குடும்பத்தோடு வந்துடணும் சார் என்றார். பத்திரிகையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டே அதையேதான் சொன்னார். காது கேட்கிற மனிதர் அப்படிச் சொல்வாரா?

அப்புறம், காதில் பஞ்சு. ஆடிக் காற்றுக்கு என்பார். நான் சேர்ந்தது ஐப்பசியில், அப்போதும் பஞ்சு அங்கேயே இருந்தது. அதற்கெல்லாம் மேல், ஒரு நாள் அவர் நாற்காலிக்குப் பின்னால் இரும்பு அலமாரியின் மேல்தட்டு கோப்புக் கட்டுகளோடு அப்படியே விழுந்தது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சார் திரும்பவில்லை. போட்டுக்கொண்டிருந்த கையெழுத்தை முடித்து, கீழே தேதி போட்டு, தேதிக்கு அடியில் ஒரு கோடும் போட்டார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு யார் இருக்கிறார்கள்? தவிர, பாவம். முப்பத்தாறு வருடமாக மறைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பொறுமைசாலி, யார் திட்டினாலும் முகம் மாறாத மனிதர் என்று ஊரில் பெயர் எடுத்திருக்கிறார். அதை ஏன் கெடுக்க வேண்டும்?

தினம் மூன்றரை மணிக்குத் தபால் கோப்பை அவர் மேசைக்கு எடுத்துப் போவது என் வேலை. மேசை ஒரு மூலையில், இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் இருக்கும். நான் ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டும், அவர் கையெழுத்துப் போடுவார். நாற்பது ஐம்பது தாள், இருபது நிமிடம். முதல் நாள் சும்மா, “சார், இந்தப் பேனா கசியுது” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள், “சார், நான் இன்னிக்கு சாப்பிடல” என்றேன். அதற்கும் ஒன்றுமில்லை. பேனா ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகின மாதிரி இருந்தது. அன்றிலிருந்து குனிந்த தலை நிமிராமல், தாள் புரட்டுகிற சத்தத்துக்கு அடியில், பேச ஆரம்பித்தேன். இரண்டு வருடம் ஒரு மாதம் பேசினேன்.

எல்லாம் சொன்னேன், அக்கா. அலுவலகத் தொலைபேசி அடித்தால் எடுத்து உடனே வைத்துவிடுவேன் என்று சொன்னேன். பெண் பார்க்க வந்தவர்கள் என் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, பொண்ணுக்குப் பேச்சு வருமா என்று கேட்டதைச் சொன்னேன். மரகதவல்லி மேடம், எங்கள் மூத்த உதவியாளர், தினமும் என் டப்பாவிலிருந்து பாதிப் பொரியலை எடுத்துக்கொண்டு ‘உங்க வீட்டுல உப்பே வாங்க மாட்டீங்களா’ என்று கேட்பதைச் சொன்னேன். ஒரு மனுவை எந்தக் கோப்புக் கட்டிலோ மாற்றி வைத்துத் தொலைத்துவிட்டு, பதிவறையில் உட்கார்ந்து அழுததைச் சொன்னேன். மஞ்சள் சுடிதார் எனக்கு நன்றாக இருக்கிறதா, இல்லை வேகவைத்த பருப்பு மாதிரி இருக்கிறேனா என்று கேட்டேன். உங்களுக்குக் காது கேட்காதது எனக்குத் தெரியும் சார், அலமாரி விழுந்தபோதே தெரியும், கவலைப்படாதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். ஒரு வெள்ளிக்கிழமை சொல்ல விஷயமே கிடைக்காமல், “சார், உங்க மூக்கு முடி வெளிய தெரியுது” என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை பார்த்தால் முடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். என் தலைக்கு மேல் மின்விசிறி டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்ததைச் சொல்லிப் புலம்பினேன். அடுத்த வாரம் ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். அரசாங்கம் சில சமயம் தானாகவே நகரும். தொலைந்த மனு ஒரு நாள் காலையில் என் மேசை மேலேயே இருந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

சிரிக்கிறீர்கள். நல்ல பாட்டாக இருக்கும் போல.

எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெறுகிறவருக்கு எல்லோரும் சேர்ந்து மோதிரம் போடுவது வழக்கம். சங்கச் செயலாளர் பரஞ்சோதி அண்ணன் சாரிடம் போய் விரல் அளவு கேட்டார். சார் ஒரு துண்டுத் தாளை எடுத்துத் தானே எழுதிக் கொடுத்தார். ‘மோதிரம் வேண்டாம். எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய, ஒலித்தரம் நல்லதாக உள்ள ஒரு டிஜிட்டல் மியூசிக் பிளேயர். ஆடம்பரம் தேவையில்லை.’ கையெழுத்து, தேதி, அடியில் கோடு.

“மியூசிக் பிளேயரா? அதான் போன்லயே பாட்டு வருதே,” என்றார் மேடம்.

“சார்கிட்ட இருக்கறது பட்டன் போனுங்க மேடம். அதுல அலாரந்தான் பாடும்,” என்றார் அண்ணன்.

“அதுவும் சரிதான். சாருக்குப் பாட்டுன்னா உசுரு. மார்கழியில லீவு போட்டுட்டுத் திருச்சிக்குக் கச்சேரிக்குப் போயிடுவாரே.”

எனக்கு மட்டும் புரிந்தது. காது கேட்காதவர்தான், அக்கா, இப்படி ஒன்றைக் கேட்டு வாங்கி ஊரை நம்பவைப்பார். கச்சேரிக்குப் போவதும் அப்படித்தான். அவர் மனைவி அழைத்துப் போவார்கள், இவர் பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்த்துத் தாளம் போடுவார். தாளம் போடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும்போது மேசையில் விரலால் போடுவார். ஒன்றுகூடத் தப்பாது. மேசை வழியாக அதிர்வு வருமே.

பொருள் தேர்வுக் குழு போட்டார்கள். அண்ணன் தலைவர், மேடம் உறுப்பினர், நான் இன்னோர் உறுப்பினர். நான் இயற்பியல் படித்தவள் என்று போட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

“மூணு கடையில விலைப்புள்ளி வாங்கணும்,” என்றார் அண்ணன்.

“நம்ம சொந்தக் காசுதானே, பரஞ்சோதி.”

“சொந்தக் காசுன்னா நடைமுறை வேண்டாங்களா? நாளைக்கு யாராச்சும் கேட்டா?”

யார் கேட்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கோப்புத் திறந்தோம், எண் போட்டோம். மூன்று கடைக்கும் கடிதம் போனது. மூன்று கடையிலிருந்தும் ஒவ்வொரு பிளேயர் வந்தது. முதலாவது கறுப்பு, சோப்புக் கட்டி மாதிரி கனமாக இருந்தது. இரண்டாவது வெள்ளி நிறம், மெலிசு. மூன்றாவது சிவப்பு. கோயில் திருவிழாவில் ராட்டினத்துக்கு அடிக்கிற சிவப்பு.

முதல் கடைக்காரர் மட்டும் நேரிலேயே வந்தார். பாவம், ஒலியைப் பற்றித் தெரிந்தவர். பாட்டைச் சுருக்காமல் வைத்திருக்கிற கோப்புதான் நல்லது, சுருக்கினால் கைத்தட்டல் எல்லாம் மழை பெய்கிற மாதிரி ஆகிவிடும் என்று சொன்னார். தன்னுடையது இருபத்துநாலு பிட், மற்றது பதினாறு என்றார். எனக்குப் புரிந்தது. தலையாட்டினேன்.

“நல்ல பிளேயரை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, பாட்டுல கேக்கக் கூடாதுங்க. பாட்டு நிக்கிற இடத்துல கேக்கணும். அங்க ஒண்ணுமே கேக்கக் கூடாது. சுத்தமா, கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்த மாதிரி இருக்கணும்.”

“ஒண்ணுமே கேக்காம இருக்கறதுக்கா காசு குடுக்கறோம்?” என்றார் அண்ணன்.

அந்த மனிதர் விலைப்புள்ளியை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மதிய உணவு நேரத்தில் சோதனை. ஒரே ஹெட்போன், மூன்று பிளேயர், பதினான்கு பேர். ஒரே நாகசுரப் பதிவு, மூன்றிலும். மேடத்தின் கொண்டையும் மல்லிகைச் சரமும் ஹெட்போன் பட்டையைத் தலையில் உட்கார விடவில்லை. அதைத் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டு, டாக்டர் மாதிரி, எங்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்தார். மாட்டினவர்கள் அத்தனை பேரும் கத்தித்தான் பேசினார்கள். “நல்லாருக்கு” என்று ஒருவர் கத்தியதில் வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். ஓட்டுநர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “ரெண்டாவதுக்குப் பிக்கப் இல்லீங்க” என்றார். அண்ணன் ஹெட்போனை மேசைமேல் வைத்துவிட்டு நாலு அடி தள்ளி நின்று கேட்டார். தள்ளி நின்றும் கேட்டது மூன்றாவது மட்டும்தான். “இதுதான் குவாலிட்டி,” என்றார்.

கருத்தை எழுத்துபூர்வமாகத் தர ஒரு தாள் சுற்றுக்கு விட்டார்கள். பன்னிரண்டு பேர் ‘பார்த்தேன்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் ‘ஒலியைப் பார்வையிட்டேன், திருப்தி’ என்று விரிவாக எழுதியிருந்தார்.

கடைசியாக நான் கேட்டேன். முதலாவது, அக்கா, எப்படிச் சொல்வது. நாகசுரக்காரர் மூச்சு வாங்குவது கேட்டது. தவில் நிற்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் சத்தம் அதிகம். ஆனால் தவில் நின்றதும் இடது பக்கம் ஓர் இரைச்சல், வாணலியில் எண்ணெய் காய்கிற மாதிரி. மெலிதாக. வேறு யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை.

ஒப்பீட்டுப் பட்டியல் மேடம் தயாரித்தார். முப்பது வருடமாகத் தயாரிக்கிறவர். ஒவ்வொரு வரிசையிலும் குறைந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டம் போடுவது கைப் பழக்கம். விலையில் குறைந்ததற்கு வட்டம் போட்டார். சரி. பிட்டில் குறைந்ததற்கும் போட்டார். பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்பதில் குறைந்ததற்கும் போட்டார். எத்தனை பாட்டுப் பிடிக்கும், எத்தனை மாதம் உத்தரவாதம், எல்லாவற்றிலும் குறைந்ததற்கே வட்டம். சிவப்புப் பிளேயர் எல்லா வரிசையிலும் வட்டம் வாங்கி ஜெயித்தது.

“ஒருமனதா வந்திருக்கு பாருங்க,” என்றார் அண்ணன். “இப்படி ஒரு பட்டியலை நான் பார்த்ததே இல்லை.”

நான் கவனித்தேன். கவனிக்காமல் இருப்பேனா. மேடம், அந்த வட்டம் எல்லாம் தப்பு என்று ஐந்து சொல் சொன்னால் போதும். நாக்கு எழவில்லை. அப்புறம் யோசித்தேன், எதற்காக எழ வேண்டும்? கேட்காத காதுக்கு இரைச்சல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. சத்தம் அதிகம் இருப்பதாவது நல்லது, காதில் கொஞ்சம் குறுகுறு என்றாவது இருக்கும். மூன்றாவது உறுப்பினராகக் கையெழுத்துப் போட்டேன். அன்று மூன்றரை மணிக்கு சாரிடமே சொன்னேன்: “சார், மூணாவதுல இடது பக்கம் எண்ணெய் காயற மாதிரி ஒரு இரைச்சல். முதலாவதுதான் நல்லது. ஆனா உங்களுக்கு என்ன, கேக்கவா போகுது.” அவர் தேதிக்கு அடியில் கோடு போட்டார். அன்றைக்குக் கோடு கொஞ்சம் வளைந்திருந்தது. வயசு, கை நடுக்கம் என்று நினைத்தேன்.

இப்போது நடத்துநர் பின்னாலிருந்து எங்கம்மா என்றார், நீங்கள் உடனே திருச்சி என்றீர்களே. எப்படி, அக்கா? அவர் நிழல் விழுந்திருக்கும். அடிக்கடி போய் வருகிறவர்களுக்கு நிழலே போதும்.

நேற்றுதான் விழா.  நிகழ்ச்சி நிரலில் அண்ணன் ஒரு வரி சேர்த்திருந்தார். ‘நினைவுப் பரிசு வழங்குதல், மற்றும் பரிசுப் பொருளை மேடையிலேயே இயக்கி, ஒலித்தரம் குறித்து விழா நாயகர் கருத்துரை.’ யோசித்துப் பாருங்கள். மைக் முன்னால் ஹெட்போனை மாட்டி விடுவார்கள். பாட்டு ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்றே அவருக்குத் தெரியாது. ஓடுவதற்கு முன்னாலேயே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால்? நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் மனைவி முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். முப்பத்தாறு வருடம் காப்பாற்றியது கடைசி ஐந்து நிமிடத்தில் போய்விடும். தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

ஒரு கோப்பு அட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதினேன்: ‘பாட்டு ஓடுகிறது. திருப்தி என்று சொல்லவும்.’ சால்வை வைத்திருந்த தாம்பாளத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தாம்பாளத்தின் மேல், அவர் பக்கம் பார்த்த மாதிரி, அட்டையைச் சாய்த்து வைத்தேன். மேடையில் ஏறினேன். நான், அக்கா. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கக்கூட மேடை ஏறாமல், அம்மை போட்டிருக்கிறது என்று பொய் சொன்னவள். 

“இப்ப நம்ம சார் கேட்டுட்டு ஒலித்தரம் பத்தி ரெண்டு வார்த்தை பேசுவாரு,” என்றார் அண்ணன். சிவப்புப் பிளேயரில் நாகசுரத்தைப் போட்டுவிட்டார். சார் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். எடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்தார். ஹெட்போனை மாட்டினார். நான் இரண்டு அடி முன்னால் போய்த் தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்தேன். சார் அட்டையைப் படித்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

ரொம்ப நேரம் மூடியிருந்தார். விரல் நாற்காலிக் கைப்பிடியில் தாளம் போட்டது. நாற்காலி வழியாக அதிர்வு எங்கிருந்து வரும் என்று அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது.

ஹெட்போனைக் கழற்றி, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, என் பக்கம் குனிந்தார்.

“தட்டைக் கீழ இறக்கும்மா, எல்லாரும் பாக்கறாங்க,” என்றார். “நீ சொன்னது சரிதான். இடது பக்கம், எண்ணெய் காயற மாதிரி.”

மைக்கிலிருந்து கையை எடுத்தார். “ஒலித்தரம் திருப்தி,” என்றார். உட்கார்ந்தார். கைதட்டினார்கள்.

நான் தட்டை இறக்கவில்லை என்று நினைக்கிறேன். மரகதவல்லி மேடம் வந்து என் கையிலிருந்து வாங்கினார். அப்புறம் போண்டா கொடுத்தார்கள். நான் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பேனா. சாப்பாடு. பொரியல். பெண் பார்க்க வந்தவர்கள். மஞ்சள் சுடிதார். மூக்கு முடி. கடவுளே, மூக்கு முடி. இரண்டு வருடம் ஒரு மாதம், தினம் இருபது நிமிடம். பூமி பிளக்கவில்லை. போண்டா ஆறிப் போனது.

கிளம்பும்போது வாசலில் எல்லோருக்கும் கும்பிடு போட்டவர், என்னிடம் மட்டும் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார். அலுவலக உறை இல்லை, சொந்தக் காசில் வாங்கினது. வாங்கிக்கொண்டு பதிவறைக்கு ஓடினேன். பிரிக்கவில்லை. வீட்டிலும் பிரிக்கவில்லை. இன்று காலையில் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டுதான் பிரித்தேன். இருங்கள், படித்துக் காட்டுகிறேன். உங்களுக்கு எங்கே கேட்கப் போகிறது, எனக்காகப் படிக்கிறேன்.

அனுப்புநர், பெறுநர் எல்லாம் முறைப்படி இருக்கிறது. ‘பொருள்: வாய்மொழி மனுக்கள் – நிலுவை தீர்வு செய்தல் – தொடர்பாக. பார்வை: செல்வி ம. செண்பகவல்லியின் வாய்மொழி மனுக்கள், பல்வேறு நாட்கள், பிற்பகல் 3.30.’ நான்தான் செண்பகவல்லி. ‘பார்வையில் கண்ட மனுக்களின் மீது கீழ்க்கண்டவாறு தெரிவிக்கப்படுகிறது.’

‘பேனா கசிவது குறித்து: மறுநாளே மாற்றித் தரப்பட்டது, மனுதாரர் கவனிக்கவில்லை.’ நான் கவனிக்கவில்லையாம், அக்கா. ‘மஞ்சள் சுடிதார் குறித்து: குறை ஏதும் காணப்படவில்லை. மூக்கு முடி குறித்து: உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது, நன்றி. காணாமல்போன மனு குறித்து: முந்தைய ஆண்டுக் கோப்புக் கட்டில் கண்டெடுத்து மேசையில் வைக்கப்பட்டது, அழுதது அவசியமற்றது. பொரியல் குறித்து: மூத்த உதவியாளரிடம் ஒரு கரண்டி வாங்கி உண்டு பார்த்ததில், உப்புக் குறைவு என்பது உண்மையே எனத் தெரியவருகிறது. அலமாரி விழுந்தபோது திரும்பாதது குறித்து: விழுந்தது அலமாரிதான் என்பது சத்தத்திலேயே தெரிந்துவிட்டதால், திரும்பிப் பார்க்கும் அவசியம் எழவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் குறித்து: அவர்கள் மூன்றரை மணிக்கு வந்திருக்க வேண்டும்.’

இரண்டு பக்கம் இப்படி. அப்புறம் ஒரு வரி. ‘இடையில் பதில் அளித்தால் மனுதாரர் மனுக்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக்கூடும் என்று கருதி, பணி ஓய்வு நாள் வரை காத்திருக்கப்பட்டது.’

கடைசியாக ஒன்று. இதை எத்தனை தடவை அவரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவர் தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறார், ஒன்பது தேதி. ‘தன்னால் யாரிடமும் பேச முடியவில்லை என்னும் முறையீடு குறித்து: நாளொன்றுக்கு இருபது நிமிடம் வீதம் மனுதாரர் பேசியுள்ளமை நேரில் கேட்டறியப்பட்டதால், மேற்படி மனு முகாந்திரமற்றது என நிராகரிக்கப்படுகிறது.’ கையெழுத்து, தேதி, அடியில் கோடு. கோடு வளையவில்லை.

நிராகரித்துவிட்டார், அக்கா. பாருங்கள்.

நல்ல ஒலித்தரம் உள்ள பிளேயர் ஒன்று கேட்டார், அவர் வாழ்க்கையில் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான். கறுப்பைத்தான் வாங்கியிருக்க வேண்டும். ஐந்து சொல். அதைச் சொல்லாமல், எண்ணெய் காய்கிற காதோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் மேடத்திடம் போய் வட்டத்தைப் பற்றிச் சொல்லி, சிவப்பைத் திருப்பிக் கொடுத்துக் கறுப்பை வாங்கச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. வெறும் தோன்றல்தான். மேடத்திடம் எப்படிப் பேசுவது? அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

யப்பா, என்ன பிரேக். மாடு. உங்கள் பை விழுந்துவிட்டது, இருங்கள், நான் எடுத்துத் தருகிறேன். சில்லறை, சீப்பு, தண்ணீர் பாட்டில். இது உங்கள் வயரின் முனை.

இது எதிலும் செருகவில்லையே, அக்கா.

போன் பையின் அடியில் தனியாகக் கிடக்கிறது. இப்போது விழுந்ததில் கழன்றுவிட்டதா? இல்லை. வயர் முனையில் ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறது. கரூரிலிருந்தே சுற்றித்தான் இருக்கிறதா? பக்கத்தில் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருக்க மாட்டிக்கொண்டீர்களா?

நானும் அதைத்தான் செய்ய நினைத்தேன். வயர் வாங்க வேண்டும் என்று நினைத்து, கடைக்காரரிடம் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

அப்படியென்றால் மூக்கு முடி, பருப்பு, எல்லாம்.

பெட்டவாய்த்தலை வந்துவிட்டது. நான் இறங்க வேண்டும். இறங்கவில்லை, பாருங்கள், கால் எழவில்லை. போகட்டும், ஜீயபுரத்தில் இறங்கித் திரும்பி வந்துகொள்கிறேன். வாயைத் திறக்கிறீர்கள். ஏதோ சொல்ல வருகிறீர்கள்.

எழுத்துபூர்வமாக வேண்டாம், அக்கா. சும்மா சொல்லுங்கள்.